பௌதிகவியல் எங்கட பிள்ளைகளுக்குச் சரிவராதா?



தர்மபுரம், கல்லாறு, புளியம்பொக்கணை, விசுவமடுப் பக்கத்து உறவுகளுக்கும், வெளிநாட்டிலிருந்து இதைப் பார்க்கும் எங்கள் ஊரவர்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஓ.எல் எழுதின பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசிவரை வாசியுங்கள். இல்லாவிட்டாலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஓ.எல் பெறுபேறு வந்து ஏ.எல் பிரிவு தெரிவுசெய்யும் நாட்களில், ஒவ்வொரு வருடமும் நாங்கள் ஆசிரியர்கள் ஒரே கதையைக் கேட்கிறோம்.

"பிசிக்ஸ் எங்கட பிள்ளையளுக்குச் சரிவராது சேர். அது யாழ்ப்பாணத்தில படிக்கிற பிள்ளையளுக்கு. இவள் ஆர்ட்ஸைப் படிக்கட்டும்."

சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளையில் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். கலைப் பிரிவு குறைந்த பிரிவு என்று நாங்களும் சொல்ல வரவில்லை. விரும்பிக் கலை படிக்கும் பிள்ளை நன்றாக வரட்டும். எங்கள் கேள்வி வேறு. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேறு எடுத்து, தனக்கும் விருப்பம் இருக்கும் ஒரு பிள்ளையை, தர்மபுரத்தில் பிறந்தது என்ற ஒரே காரணத்துக்காக பௌதிகவியலில் இருந்து ஏன் திருப்பி அனுப்புகிறோம்? அந்த முடிவைப் பெரும்பாலும் எடுப்பது பிள்ளையும் அல்ல, பரீட்சைத் திணைக்களமும் அல்ல. நாங்கள்தான், ஊராக, எடுக்கிறோம்.

*பயத்துக்குக் காரணம் இருக்கிறது*

முதலில் பெற்றார் பக்கத்து நியாயத்தைப் பேசுவோம்.

இலங்கையில் ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளோடு ஏ.எல் நடத்தும் 1ஏபி பாடசாலைகள் பத்தில் ஒன்று அளவில்தான். அவையும் நகரங்களில் குவிந்து கிடக்கின்றன. வன்னிக்கு பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் நியமனம் பெற்று வருவார். பிள்ளைகள் அவருடைய முறைக்குப் பழகி வரும்போது இடமாற்றம் வந்துவிடும். அடுத்தவர் வரும்வரை பாடம் அப்படியே கிடக்கும்.

பிறகு ரியூசன். ஏ35 வீதியில் பஸ் ஏறிப் பரந்தன் போய், அங்கிருந்து கிளிநொச்சி நகருக்கு மாற வேண்டும். காசு ஒரு பக்கம், நேரம் ஒரு பக்கம். மாலை வகுப்பு முடிந்து திரும்பும்போது இருட்டிவிடும். பெண்பிள்ளை என்றால் தாய்க்கு நெஞ்சில் தண்ணி இருக்காது. தகப்பன் இல்லாத வீடுகள் எத்தனை இந்தப் பகுதியில் இருக்கின்றன என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டில் சந்திக்குப் போய் நின்று பிள்ளையைக் கூட்டி வர யார் இருக்கிறார்கள்?

இதற்கு மேல், மூன்று பாடத்தில் ஒன்று போனாலும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. மூன்றிலும் குறைந்தது சாதாரண சித்தி வேண்டும். பௌதிகவியலில் ஒரு 'எஃப்' வந்தால் இரண்டு வருட உழைப்பும் அங்கேயே நிற்கும். ஒரு கூலித் தொழிலாளி வீட்டில் இரண்டு வருடம் என்பது சின்ன விஷயம் அல்ல.

ஆகவே பயம் நியாயமானது. ஆனால் மேலே சொன்ன காரணங்களைத் திருப்பிப் பாருங்கள். ஆசிரியர், பஸ், காசு, இருட்டு. எல்லாம் பிள்ளைக்கு வெளியே இருப்பவை. பிள்ளையின் மூளையைப் பற்றி இதில் ஒரு காரணமும் இல்லை. "சரிவராது" என்று சொல்லும்போது மட்டும் அது பிள்ளையின் குறைபோல ஆகிவிடுகிறது.

*இந்தப் பாடம் எங்கே இருக்கிறது?*

பௌதிகவியல் என்றால் ஏதோ வெள்ளைக்காரரின் ஆய்வுகூடத்தில் இருக்கும் சாமான் என்ற எண்ணம் பலருக்கு. எங்கள் ஊரிலேயே காட்டுகிறோம்.

கிணற்றில் பம்பி வைத்துத் தோட்டம் செய்பவர்களுக்கு ஒன்று தெரியும். கோடையில் தண்ணி கீழே போனால் மேலே வைத்த பம்பி இழுக்காது. கிணற்றுக்குள்ளே தட்டு அமைத்து பம்பியைக் கீழே இறக்க வேண்டும். ஏன்? பம்பி தண்ணீரை "இழுப்பதில்லை". குழாய்க்குள் இருக்கும் காற்றை அது வெளியேற்றுகிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 10 மீற்றர் உயர நீர் நிரலைத்தான் தாங்கும். நடைமுறையில் 7, 8 மீற்றரோடு பம்பி திணறத் தொடங்கிவிடும். எவ்வளவு குதிரை வலு உள்ள பம்பி வாங்கினாலும் மேலே வைத்தால் இதுதான் எல்லை. இத்தாலியில் ரொறிசெல்லி 1643 இல் இரசக் குழாயை வைத்து விளக்கிய விஷயம் இது. எங்கள் தோட்டக்காரர் ஒவ்வொரு ஆவணியிலும் அதைக் கையால் செய்துகொண்டிருக்கிறார்.

இரணைமடுக் குளம் 36 அடிக்கு நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால் எல்லோரும் கதைக்கிறோம். 36 அடி என்பது ஏறத்தாழ 11 மீற்றர். அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறக்குறைய 11 தொன் நீரின் பாரம் இருக்கும். ஆழம் கூடக் கூட அமுக்கம் கூடும். குளக்கட்டு அடியில் அகலமாகவும் மேலே ஒடுக்கமாகவும் இருப்பது அதனால்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு யாருக்கும் மறக்காது. எப்போது எந்தக் கதவை எவ்வளவு திறப்பது, எவ்வளவு தண்ணி எத்தனை மணித்தியாலத்தில் கீழே வந்து சேரும் என்பது கணக்கு. அந்தக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் எங்கள் ஊரிலிருந்து வந்தால் அதைவிட நல்லது என்ன?

பளைப் பக்கம் 2014 இலிருந்து காற்றாலைகள் சுற்றுகின்றன. மன்னாரில் 2020 இல் திறந்த காற்றாலைப் பூங்கா 103.5 மெகாவொற் வலுவுடையது. காற்றின் கதி இரண்டு மடங்கானால் அதில் உள்ள வலு எட்டு மடங்காகும். இந்த ஒரு வரி தெரிந்தால், எல்லாக் காணியிலும் காற்றாலை போடாமல் கடற்கரை ஓரமாகத் தேடித்தேடிப் போடுவது ஏன் என்று விளங்கும். இந்தக் காற்று எங்கள் காற்று. அந்த ஆலைகளைப் பராமரிக்கும் வேலை யாருக்குப் போக வேண்டும் என்பதையும் நாங்கள்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்பவர்களில் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் நிறையப் பேர். அவர்கள் வெயிலில் முழங்காலில் இருந்துகொண்டு பிடிக்கும் உலோகங்காணி எப்படி வேலை செய்கிறது? அதன் தட்டுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறும் மின்னோட்டம் போகும்போது மாறும் காந்தப்புலம் உண்டாகும். அந்தப் புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழிப்போட்டத்தைத் தூண்டும். அந்தச் சுழிப்போட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி மேலே அனுப்பும். கருவி அதைப் பிடித்துச் சத்தம் போடும். ஏ.எல் பாடத்திட்டத்தில் மின்காந்தத் தூண்டல் என்று வருவது இதுதான். 1831 இல் மைக்கல் பரடே கண்டுபிடித்தது.

தாய் உயிரைப் பணயம் வைத்துப் பிடிக்கும் கருவியின் விதியை, மகள் "எனக்குச் சரிவராது" என்று விட்டுவிட்டுப் போவது என்ன நியாயம்?

பரடேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் கொல்லன் ஒருவரின் மகன். 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். கட்டுவதற்கு வந்த புத்தகங்களை வாசித்துத்தான் விஞ்ஞானம் படித்தார். மலையகத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களும், கூலி வேலை செய்து பிள்ளை வளர்த்த குடும்பங்களும் உள்ள எங்கள் ஊர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மொழி பேசியவர்களில் ஒருவரைக் கேட்டால், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்து, அண்டக் கதிர்களை ஆராய்ந்த பேராசிரியர் ஏ. டபிள்யூ. மயில்வாகனத்தின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

*பரீட்சை என்ன கேட்கிறது?*

இப்போது கொஞ்சம் நேரடியாகப் பேசுவோம். பாடத்திட்டத்தில் 11 அலகுகள். அளவீடு, பொறியியல், அலைவுகளும் அலைகளும் என்று தொடங்கிச் சடமும் கதிர்ப்பும் என்று முடிகிறது.

முதலாம் வினாத்தாள் 50 பல்தேர்வு வினாக்கள், 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். இரண்டாம் வினாத்தாள் 3 மணித்தியாலம். அமைப்புக் கட்டுரை வினாக்கள் 4 க்கும் விடை எழுத வேண்டும். கட்டுரை வினாக்கள் 6 இல் 4 க்கு எழுத வேண்டும். கணிப்பான் கொண்டுபோக முடியாது.

இதைப் பார்த்தால் பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள் என்பது தெரியும். நாங்கள் காண்பது இரண்டு இடம்.

ஒன்று, கணக்கு. பௌதிகவியலில் பிழைக்கும் விடைகளில் பெரிய பங்கு பௌதிகவியலால் பிழைப்பதில்லை. பின்னத்தைச் சுருக்கத் தெரியாமை, சுட்டியைக் கூட்டத் தெரியாமை, சமன்பாட்டில் எழுவாய் மாற்றத் தெரியாமை, கைபேசி இல்லாமல் பெருக்கத் தெரியாமை. இவை தரம் 8, 9, 10 இல் படித்திருக்க வேண்டியவை. தரம் 12 இல் வந்து ரியூசனுக்குக் காசைக் கொட்டி இதைச் சரிக்கட்டுவது கஷ்டம். தரம் 9 இல் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு அக்காவிடம் கணக்குப் படிக்க விட்டால் அதில் பத்தில் ஒரு பங்கு செலவில் முடியும்.

மற்றது, செய்முறை. ஏ.எல் பௌதிகவியலுக்கு இன்று தனியாகச் செய்முறைப் பரீட்சை இல்லை. அதனால் ஆய்வுகூடம் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அமைப்புக் கட்டுரை வினா கேட்பது செய்முறையைத்தான். மீற்றர்ப் பாலத்தில் சமநிலைப் புள்ளியை எப்படிக் காண்பாய்? நுண்மானித் திருகுக் கணிச்சியின் பூச்சிய வழுவை எப்படிப் பார்ப்பாய்? வரைபின் படித்திறனில் இருந்து என்ன கிடைக்கும்? கையால் தொட்டுச் செய்த பிள்ளை இதை நினைவில் இருந்து எழுதும். தொடாத பிள்ளை குறிப்பைப் பாடமாக்கி எழுதும். வினாவைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் பாடமாக்கினது உதவாது.

சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன்னர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் என்ற அறிஞரை எங்கள் சமூகத்தில் பெருமையாகச் சொல்வோம். அவர் காலம்வரை, கண்ணிலிருந்து ஏதோ புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று பெரிய பெரிய அறிஞர்கள் எழுதி வைத்திருந்தார்கள். இவர் அதை அப்படியே ஏற்கவில்லை. இருட்டறையில் சிறு துளை வழியாக ஒளியை விட்டுச் சோதித்துப் பார்த்தார். ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில் எழுதினார். அவருடைய பெயரை மேடையில் சொல்லிவிட்டு, பிள்ளைகளை ஒரு இருட்டறையிலும் நிறுத்திக் காட்டாவிட்டால் அந்தப் பெருமையில் ஒன்றும் இல்லை.

*ஆய்வுகூடம் இல்லாவிட்டால்?*

ஆய்வுகூடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று பின்னேரமே வீட்டு முற்றத்தில் செய்யலாம்.

மரக் கொப்பில் ஒரு நூலைக் கட்டி, சின்னக் கல்லோ இரும்பு நட்டோ தொங்கவிடுங்கள். கட்டிய இடத்திலிருந்து கல்லின் நடு வரை சரியாக 1 மீற்றர் வரட்டும். சிறிதாக ஆட்டிவிட்டு, கைபேசியில் 20 அலைவுக்கு எத்தனை செக்கன் என்று பாருங்கள். 40 செக்கனுக்குக் கிட்ட வரும். ஒரு அலைவுக்கு 2 செக்கன். அதைச் சூத்திரத்தில் போட்டால் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8 க்கு மிகக் கிட்ட வரும். பூமி இழுக்கும் இழுவையை ஒரு நூலும் கல்லும் வைத்துத் தர்மபுரத்தில் அளந்த பிள்ளைக்கு, "பிசிக்ஸ் எங்களுக்குச் சரிவராது" என்று சொல்ல வாய் வராது. பிறகு நீளத்தை மாற்றி மாற்றி ஆறு வாசிப்பு எடுத்து, அலைவு காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரைந்தால், அதுதான் பரீட்சை கேட்கும் வரைபு.

ஒரு வாளித் தண்ணி, அதற்குள் அமிழ்த்த ஒரு பி.வி.சி குழாய்த் துண்டு. கைபேசியில் 512 ஹேர்ட்ஸ் ஒலி எழுப்பும் இலவசச் செயலி. குழாயை மெதுவாக உயர்த்தினால், தண்ணிக்கு மேலே ஏறத்தாழ 16, 17 சென்ரிமீற்றர் வரும்போது சத்தம் திடீரென்று பெருக்கும். அதுதான் பரிவு. அதிலிருந்து காற்றில் ஒலியின் கதியைக் கணக்கிடலாம். இசைக்கவை இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாடம் நிற்காது.

வேணியர் இடுக்கிமானியும் நுண்மானித் திருகுக் கணிச்சியும் கடையில் வாங்கக்கூடியவை. ஒரு வகுப்புக்கு நாலைந்து சோடி போதும். ஒன்று 0.1 மில்லிமீற்றர் வரை அளக்கும், மற்றது 0.01 மில்லிமீற்றர் வரை அளக்கும். இந்த வித்தியாசத்தைத் தன் தலைமயிரை அளந்து பார்த்த பிள்ளை மறக்காது.

பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளத்தில் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உள்ளன. ஒரே கைபேசியில் மூன்று பிள்ளைகள் சேர்ந்து இறக்கிக்கொள்ளலாம்.

*இசட் புள்ளி, மாவட்ட ஒதுக்கீடு*

"கஷ்டமான பாடம், புள்ளி குறையும், கம்பஸ் கிடைக்காது" என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனுமதி நேரடிப் புள்ளியால் நடப்பதில்லை. இசட் புள்ளியால் நடக்கிறது. அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய இடையிலிருந்தும் நீங்கள் எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. உதாரணத்துக்கு மட்டும் சொல்கிறோம். ஒரு பாடத்தின் இடை 35, நியம விலகல் 20 என்று வையுங்கள். 55 எடுத்த பிள்ளையின் இசட் புள்ளி 1. இன்னொரு பாடத்தின் இடை 60, நியம விலகல் 15 என்றால் 75 எடுத்த பிள்ளைக்கும் அதே 1 தான். பாடம் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தால் அந்தக் கஷ்டமும் கணக்கில் சேர்கிறது.

அடுத்தது ஒதுக்கீடு. கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன.

1970களின் தரப்படுத்தலை எங்கள் மூத்தவர்கள் மறக்கவில்லை. அந்தக் காயத்தை யாரும் சின்னதாகப் பேசக்கூடாது. அதே நேரம் இன்னொன்றையும் யோசியுங்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். அதற்கு முன்னர் இந்த மண்ணில் படித்த பிள்ளை யாழ்ப்பாண நகரத்துப் பெரிய கல்லூரிகளோடு ஒரே வரிசையில் நின்றுதான் இடம் பிடிக்க வேண்டும். இன்று கிளிநொச்சிப் பிள்ளைக்கு என்று ஒரு கதவு இருக்கிறது. "கோட்டாவில வந்தவன்" என்ற ஏளனத்துக்கு யாரும் தலை குனியத் தேவையில்லை. விளக்கு இல்லாமல், ஆசிரியர் இல்லாமல் படித்து எடுத்த புள்ளி அது. ஆனால் மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளைதான் அந்தக் கதவடிக்குப் போக முடியும். நாங்கள் பிள்ளைகளைப் பிரிவுக்கே அனுப்பாவிட்டால் ஒதுக்கீடு காகிதத்தில் மட்டும் இருக்கும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 இலிருந்து எங்கே இயங்குகிறது? யாழ்ப்பாணத்தில் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து படிக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த மதிலை ஏ9 வீதியில் போகும் பஸ்ஸில் இருந்து பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

*எல்லோரும் படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை*

இதைச் சொல்லும்போது மறுபக்கமும் சொல்ல வேண்டும். சில வீடுகளில் பயம் இல்லை, ஆசைதான் அதிகம். பிள்ளைக்கு விருப்பம் இல்லை, கணக்கும் வராது, ஆனால் "டொக்டர்" ஆக வேண்டும் என்று பயோவுக்குத் தள்ளுகிறார்கள். பயோ என்றால் பௌதிகவியலில் இருந்து தப்பலாம் என்ற நினைப்பும் பலருக்கு உண்டு. தப்ப முடியாது. மருத்துவத்துக்குப் போக உயிரியல், இரசாயனவியலோடு பௌதிகவியலும் வேண்டும். அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தால் வேறு துறைகள்தான் திறக்கும். இதைத் தரம் 12 தொடங்க முன்னரே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

2013 இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவையும் "மெட்ஸ் கிடைக்காதவங்கள் படிக்கிறது" என்று கேலி பேசக்கூடாது. அதில் வரும் தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானத்திலும் பௌதிகவியல் இருக்கிறது. அறிவியல் நகரில் உள்ள இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் கை வேலையோடு படித்து வெளியேறும் பிள்ளையும் மரியாதையான தொழில்தான் செய்கிறது. பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பார்த்து எடுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று பார்த்து எடுக்காதீர்கள். "ஊர் சிரிக்கும்" என்று தள்ளுவதும், "ஊருக்குச் சரிவராது" என்று தடுப்பதும் ஒரே பிழையின் இரண்டு பக்கம்.

*அறுந்த படிப்பு எங்களுக்கும் தெரியும்*

முஸ்லிம் ஆசிரியர்கள் இந்தப் பக்கத்தில் வந்து இவ்வளவு உரிமையோடு பேசுவது ஏன் என்று யாராவது நினைக்கலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் எங்களுடையவை. அந்த வருடம் ஏ.எல் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் புத்தகத்தை விட்டுவிட்டுப் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களுக்குப் போனார்கள். பலர் திரும்பப் படிக்கவே இல்லை. கெட்டிக்காரர்கள்தான். ஒரு வருடம் அறுந்தது, பிறகு வாழ்க்கை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

2009 ஜனவரியில் தர்மபுரம் பட்ட பாட்டை நாங்கள் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஓகஸ்ட்டில் செட்டிகுளம் முகாமுக்குள் இருந்தே ஏ.எல் எழுதிய பிள்ளைகள் இருக்கிறார்கள். குண்டுக்குள்ளும் முகாமுக்குள்ளும் எழுதிய பரீட்சையை, இன்று அமைதியாக இருக்கும்போது "சரிவராது" என்று நாங்களே விட்டுக்கொடுப்பதா? எங்கள் இரண்டு சமூகத்துக்கும் காணி போனது, வீடு போனது, ஆட்கள் போனார்கள். படிப்பைத் திரும்பக் கட்டுவதில் ஒருவருக்கு ஒருவர் கை கொடுப்பதைவிட நல்ல வேலை எங்களுக்கு இல்லை.

*செய்யக்கூடியது*

பேசிவிட்டுப் போவதற்காக எழுதவில்லை. எங்கள் யோசனைகள் இவை.

1. தரம் 9, 10, 11 பிள்ளைகளின் பெற்றார்: கணக்கில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று இந்தத் தவணையே பாடசாலைக்கு வந்து கேளுங்கள். ஓ.எல் முடியக் கேட்பது பிந்திவிட்டது. புள்ளி மட்டும் கேட்காமல், எந்தப் பகுதி விளங்கவில்லை என்று கேளுங்கள்.

2. ஏ.எல் தெரிவில் நிற்கும் பிள்ளைகள்: பௌதிகவியலில் விருப்பம் இருந்தால், முடிவெடுக்க முன்னர் அளவீடு, பொறியியல் என்ற இரண்டு அலகையும் ஒரு மாதம் படித்துப் பாருங்கள். கஷ்டப்பட்டும் விளங்கி வந்தால் நில்லுங்கள். வெறுப்பாக இருந்தால் மாறுங்கள். யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

3. பழைய மாணவர்கள், வெளிநாட்டு உறவுகள்: நீங்கள் ஊருக்குக் கொடுப்பவர்கள். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் கொடுங்கள். கூடவே நாலு மீற்றர்ப் பாலம், பத்து வேணியர், இரண்டு பல்மானி. அதைவிட முக்கியம், மாலை வகுப்பு முடிந்து பெண்பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கிவிட ஒரு வானுக்கு மாதச் செலவு. கட்டடத்தைவிட இது மலிவு. பெயர்ப்பலகை வைக்க இடம் இருக்காது, அவ்வளவுதான்.

4. அறிவியல் நகரில் படிக்கும் மாணவர்கள்: மாதத்தில் ஒரு சனிக்கிழமை வாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு விரிவுரை வேண்டாம். பக்கத்தில் இருந்து கடந்தகால வினாத்தாள் ஒன்றைச் சேர்ந்து செய்யுங்கள். தங்களைப்போலவே தமிழில் படித்து வந்த ஒரு அண்ணாவையோ அக்காவையோ கண்ணால் கண்டால் பாதிப் பயம் போய்விடும்.

5. நாங்கள் ஆசிரியர்கள்: சனிக்கிழமை காலை 2 மணித்தியாலம், காசு இல்லாமல், செய்முறை மட்டும் செய்து காட்டத் தயார். எந்தப் பாடசாலைப் பிள்ளையும் வரலாம். இடம் ஒன்றை ஊர்ப் பொது அமைப்புகள் ஒழுங்குசெய்து தந்தால் போதும். மேசை, ஒரு பிளக், ஒரு வாளித் தண்ணி. நோன்பு மாதத்திலும் நிறுத்த மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

வான் செலவைப் பற்றியும் இடத்தைப் பற்றியும் யோசனை உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். எங்கள் கருத்து பிழை என்றால் அதையும் எழுதுங்கள், கதைப்போம். ஆனால் அடுத்த முறை ஒரு பிள்ளை வந்து "எனக்கு பிசிக்ஸ் படிக்க விருப்பம்" என்று சொன்னால், உடனே "சரிவராது" என்று சொல்லாதீர்கள். "ஏன் விருப்பம்?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வல்ல இறைவன் எங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்தரும் கல்வியைத் தருவானாக.